இடதுபக்கக் கதவில் கட்டிய கயிறு

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. எங்கள் காரின் இடதுபக்க முன்கதவுக் கண்ணாடி பாதியில் நின்றுபோனது.
2. அப்பா ஸ்விட்சை அழுத்தினார், தட்டினார், ஊதினார். கண்ணாடி அசையவில்லை.
3. கதவைப் பாதி சாத்திவைத்து அழுத்தியபோது கண்ணாடி ஏறியது. முழுதாகத் திறந்ததும் மறுபடி நின்றுபோனது.
4. அந்தக் கதவை முழுதாகத் திறக்கிற ஒரே ஆள் அம்மா.
5. ஆகவே அம்மாதான் காரணம் என்று அப்பா முடிவு செய்தார்.
6. ஜிஎஸ்டி ரோட்டில் கார் எலக்ட்ரீஷியன் ஒருவர் அறுந்த ஒயரை ஒட்டுப்போட்டுக் கொடுத்தார். ஐப்பசி மழை தொடங்குவதற்குள் அது விட்டுப்போனது. அவரும் அம்மாவைத்தான் சொன்னார்.
7. கதவு பாதிக்கு மேல் திறக்காதபடி அப்பா உள்பக்கம் கயிறு கட்டினார்.
8. அம்மா காரில் ஏறுவதை நிறுத்தினாள்.

ஐந்தாவதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. அதற்குப் பின்னால் வருகிற மூன்றும் அதிலிருந்து பிறந்தவை என்பதால், ஐந்தை உடைத்தால் போதும் என்று நினைத்தேன்.

அப்போது இரும்புலியூரில், ஜிஎஸ்டி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் இருந்தோம். நான் எலக்ட்ரானிக்ஸ் படித்து முடித்து, கூடுவாஞ்சேரி பக்கம் கன்ட்ரோல் பேனல் செய்யும் சின்னத் தொழிற்சாலை ஒன்றில் சோதனைப் பிரிவில் சேர்ந்திருந்தேன். அப்பா அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா கணக்கு டீச்சர். வீட்டில் அப்பாவே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

கார் சின்ன வெள்ளைக் கார். அந்த மாடலிலேயே குறைந்த வகை. கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் ஏற்ற வேண்டும். வாங்கிய வாரமே அப்பா அதைக் குரோம்பேட்டையில் கார் சாமான் கடை ஒன்றில் நிறுத்தி, முன்கதவு இரண்டுக்கும் பவர் விண்டோ மாட்டினார். அந்த நாளில் பலரும் அப்படித்தான் செய்தார்கள். குறைந்த வகையை எடுப்பது, மற்றதைக் கடையில் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்வது.

எவ்வளவு சேர்த்தாலும், சீட்டின் மேல் கம்பெனி போட்டு அனுப்பிய பாலிதீன் உறையை மட்டும் அவர் கழற்றவில்லை. வெயிலில் அது முதுகோடு ஒட்டிக்கொள்ளும். இறங்கும்போது உரிகிற சத்தம் தெருவுக்கே கேட்கும். யார் இறங்கினாலும், "மெதுவா சாத்துங்க, மெதுவா" என்பார். ஒருமுறை எங்கள் சபைப் போதகரிடமும் சொன்னார். போதகர் அவ்வளவு மரியாதையாகச் சாத்தியதில் கதவு மூடவே இல்லை. தெருமுனை திரும்பும்போது அது தானாகத் திறந்துகொண்டு, பால் வாங்கி வந்துகொண்டிருந்த ஒருவரைச் சுவரோரம் ஒதுக்கியது.

இத்தனைக்கும் அந்தக் கார் வந்ததே அம்மாவின் காலுக்காக. தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலப் படியில் மழை ஈரத்தில் வழுக்கி விழுந்து, இடது முழங்கால் சில்லு நொறுங்கி, ஆபரேஷன் ஆகி, அந்தக் கால் அதற்குப் பிறகு சரியாக மடங்கவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து விலகி, வீட்டில் டியூஷன் எடுத்தாள். பஸ் படி ஏற முடியாது. ஷேர் ஆட்டோவில் காலை நீட்ட இடம் கிடையாது. காரில் மட்டும் முடிந்தது. அதற்கு ஒரு முறை வைத்திருந்தாள். முதலில் தெருவைப் பார்த்தபடி சீட்டில் உட்காருவாள். வலது காலை உள்ளே எடுப்பாள். பிறகு நீட்டிய இடது காலை இரண்டு கையாலும் தொடையருகே பிடித்து, தரையிலிருந்து தூக்கி, அரைவட்டமாகச் சுற்றி உள்ளே கொண்டுவருவாள். அந்தச் சுற்றுக்குக் கதவு முழுதாகத் திறந்திருக்க வேண்டும். நான் கிட்டே நின்றால், "தள்ளு, என் ஆரத்துக்கு இடம் விடு" என்பாள்.

அவள் வெளியே போவது இரண்டு காரியத்துக்குத்தான். சனிக்கிழமை மாலை பாடகர் குழுப் பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவள் குழுவில் இரண்டாம் குரல் பாடுகிறவள். முதல் குரல் பாட நிறையப் பேர் இருந்தார்கள். இரண்டாம் குரலில் தைரியமாக நிற்கக்கூடியவர்கள் அம்மாவைச் சேர்த்து மூன்றே பேர்.

கயிறு கட்டிய அன்று சனிக்கிழமை. கிறிஸ்துமஸ் பாட்டுகளுக்குப் பயிற்சி தொடங்கியிருந்தது. அம்மா புடவை மாற்றி, பாட்டுப் புத்தகத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்தாள். கதவைத் திறந்தாள். பாதியில் கயிறு விறைத்து நின்றது. நீல நிற நைலான் கயிறு. ஒரு முனை கதவின் உள்கைப்பிடியில், மறுமுனை சீட்டுக்கு அடியிலிருந்த கம்பியில். அவள் உட்கார்ந்தாள். வலது காலை எடுத்தாள். இடது கால் கதவின் ஓரத்தில் இடித்தது. கொஞ்சம் பின்னால் நகர்ந்து மறுபடி முயன்றாள். மறுபடி இடித்தது. செருப்பு கழன்று தெருவில் விழுந்தது. எதிர்வீட்டில் லோடு வேன் ஓட்டுகிற அண்ணன் வேனைத் துடைத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா எழுந்து நின்றாள்.

"நீங்க போயிட்டு வாங்க. எனக்குத் தொண்டை சரியில்ல."

"நான் போய் என்ன பண்ண? நானா பாடறேன்?" என்றார் அப்பா.

அம்மாவுக்கு மறுநாளும் தொண்டை சரியில்லை. அடுத்த சனிக்கிழமையும் சரியில்லை. டியூஷன் பிள்ளைகளுக்கு வர்க்கமூலம் சொல்லிக்கொடுக்கும்போது மட்டும் நன்றாக இருந்தது. குழுவிலிருந்து போன் வந்தபோது, "இந்த வருஷம் நான் இல்லாமலே பாத்துக்கோங்க" என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது.

அன்று மாலை டீ குடிக்கும்போது ஆரம்பித்தேன்.

"கயித்த அவுத்துடுங்கப்பா."

"அவுத்தா மறுபடி ஒயர் போகும்."

"போகட்டும். கண்ணாடி வேலை செய்யாட்டி என்ன?"

"மழை பேஞ்சா சீட்டு நனையும்."

"அதான் சீட்டு மேல பாலிதீன் இருக்கே."

அம்மா டம்ளருக்குள் குனிந்து சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை.

"எலக்ட்ரீஷியனே சொன்னான்மா. அகலமா தொறந்து தொறந்துதான் உள்ள ஒயர் அறுந்துபோகுதாம். நானா சொல்லல."

"கதவு அவ்ளோ தூரம் தொறக்கற மாதிரிதான் செஞ்சிருக்காங்க. அப்படித் தொறந்தா ஒயர் அறுந்துபோகுதுன்னா ஒயர்லதான் தப்பு. தொறக்கறவங்க மேல இல்ல."

"நீ பேனல் செக் பண்றவ. கார் வேற."

"கரன்ட் ஒண்ணுதாம்பா. சனிக்கிழமை நான் கழட்டிப் பாக்கறேன்."

"கதவையா?"

"கதவோட உள்பலகைய."

"திரும்ப மாட்ட வரலன்னா?"

"வரலன்னா அதையும் நான்தான் பாத்துக்கணும். அம்மா மேல போட முடியாதில்ல?"

"உன் இஷ்டம்" என்றார். எங்கள் வீட்டில் அதற்கு 'வேண்டாம்' என்று அர்த்தம். நான் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மழை விட்டிருந்தது. ஹால் ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் ஒயரை இழுத்தேன். மல்டிமீட்டர், காலேஜ் புராஜெக்டுக்காக வாங்கிய சால்டரிங் அயர்ன், சூடு காட்டினால் சுருங்கும் பிளாஸ்டிக் ஸ்லீவ், தாம்பரத்தில் தேடி வாங்கிய மெல்லிய இழைகள் கொண்ட ஒயர். வீட்டுச் சுவருக்குள் போடுகிற விறைப்பான ஒயர் கதவுக்கு உதவாது. மடங்கி மடங்கி ஒடிந்துவிடும். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றினேன். அப்பா வாசல்படியில் நின்று அதைப் பார்த்துவிட்டு, இதற்கு மேல் பார்க்க முடியாது என்பதுபோல் உள்ளே போனார். அம்மா பிளாஸ்டிக் நாற்காலியைக் கேட்டுக்கு அருகே போட்டு உட்கார்ந்தாள். "நான் சும்மாதான் உக்காந்திருக்கேன்" என்றாள், யாரும் கேட்காமலே.

கயிற்றின் முடிச்சை நான் தொடவில்லை. கைப்பிடியின் ஸ்க்ரூவைக் கழற்றி, கயிறோடு சேர்த்தே கைப்பிடியையும் உள்பலகையையும் எடுத்துச் சீட்டின் மேல் சாய்த்து வைத்தேன். இப்போது கதவு முழுதாகத் திறந்தது. அந்த முடிச்சை அவிழ்க்க வேண்டிய ஆள் நான் இல்லை என்று எண்ணினேன்.

எதிர்வீட்டு அண்ணன் வந்து நின்றார்.

"இன்னாமா, கதவ உரிச்சிகினு கீற? சாரு பாத்தா பேஜாராய்டுவாரு."

"பாத்துட்டுத்தான் உள்ள போனாருண்ணா."

"கழட்றது ஈஸி. மாட்றப்போ பாரு, ரெண்டு ஸ்க்ரூ மிஞ்சும்."

"மிஞ்சினா உங்க வேனுக்குத் தரேன்."

"குடு குடு. அதுல ஏற்கெனவே நாலு கம்மி."

கதவுக்கும் காரின் உடம்புக்கும் நடுவே, கீலுக்குப் பக்கத்தில், மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர்க் குழாய் இருக்கும். ஒயர்கள் அதற்குள்தான் போகும். அதன் ஒரு முனையைப் பிடுங்கி, சட்டைக் கையைச் சுருட்டுவதுபோல் பின்னால் தள்ளினேன். எலக்ட்ரீஷியனின் ஒட்டு, குழாய் அதிகம் மடிகிற அதே இடத்தில், கறுப்பு டேப்போடு பிரிந்து கிடந்தது. மோட்டாருக்குப் போகிற இரண்டு ஒயர்களும் உள்ளே அறுந்து, தாமிரம் பச்சை பிடித்திருந்தது. பாதி சாத்தும்போது அறுந்த முனைகள் ஒன்றையொன்று தொட்டிருக்கின்றன. திறந்தால் விலகியிருக்கின்றன. மூன்றாவது நிகழ்ச்சிக்கு விளக்கம் கிடைத்துவிட்டது.

அதே குழாய்க்குள் இன்னொரு ஜோடி ஒயர் இருந்தது. ஸ்பீக்கருக்காகக் கம்பெனியிலேயே போட்டது. மோட்டார் ஒயரைவிட மெல்லியது. அது தளர்வாக, ஒரு வளைவோடு படுத்திருந்தது. ஒரு கீறல் இல்லை. மோட்டார் ஒயரையோ கொடிக்கம்பி மாதிரி இழுத்துக் கட்டியிருந்தார்கள். அம்மாவின் தையல் டேப்பை வாங்கி, கதவை முழுதாகத் திறந்து அளந்து பார்த்தேன். ஒயர் நான்கு விரல் அளவுக்குக் குறைந்தது. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அந்த நான்கு விரலை அது எங்கிருந்தாவது கொடுக்க வேண்டியிருந்திருக்கிறது.

அப்பாவைக் கூப்பிட்டேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார்.

"இது ஸ்பீக்கர் ஒயர், கம்பெனி போட்டது. இது குரோம்பேட்டைக் கடையில போட்டது. ஒரே கதவு, ஒரே குழாய், தொறக்கற ஆளும் ஒரே ஆள். இதுக்கு ஒண்ணும் ஆகல. அது மட்டும் அறுந்திருக்கு. ஏன்?"

அவர் இரண்டையும் விரலால் தூக்கிப் பார்த்தார்.

"கடைக்காரன் ஒயர மிச்சம் புடிச்சிருக்கான்" என்றார். "திருட்டுப் பசங்க."

அம்மாவின் பக்கம் அவர் பார்க்கவில்லை. ஆனால் பழி அவளிடமிருந்து கிளம்பி, ஜிஎஸ்டி ரோடு வழியாகக் குரோம்பேட்டை வரை போய்விட்டது. எனக்கு அதுவே பெரிதாகத் தெரிந்தது. அது திரும்பி எங்கள் வாசலுக்கே வரப் போகிறது என்று அப்போது தெரியாது.

பழைய ஒயரை இரண்டு பக்கமும் நல்ல தாமிரம் தெரிகிற இடம்வரை வெட்டினேன். ஒட்டு எதுவும் மடிகிற இடத்தில் வரக்கூடாது. ஆகவே ஒரு ஒட்டு கதவுக்குள், மற்றது டேஷ்போர்டுக்கு அடியில், நடுவில் முழு ஒயர். முதல் ஒட்டை அழகாகப் பற்றவைத்து, ஈயம் பளபளவென்று உறைந்ததைப் பார்த்துத் திருப்திப்பட்ட பிறகுதான், ஸ்லீவ் இன்னும் தரையில் கிடக்கிறது என்பதைக் கவனித்தேன். பற்றவைப்பதற்கு முன்பே அதை ஒயரில் கோத்திருக்க வேண்டும்.

"இப்ப அத எப்படிப் போடுவ?" என்று அம்மா கேட்டாள்.

"உருக்கிப் பிரிச்சு, கோத்து, திரும்ப வெக்கணும்."

"பரவால்ல. ஸ்டெப்புக்கு மார்க் உண்டு."

எல்லா ஒட்டும் முடிந்து ஸ்லீவைச் சுருக்கியாயிற்று. புது ஒயரை, கதவு முழுதாகத் திறந்தாலும் வளைவு மிச்சமிருக்கிற மாதிரி தாராளமாக விட்டு, பின்னால் தள்ளியிருந்த ரப்பர்க் குழாயை அதன் மேல் இழுத்துவிட்டுக்கொண்டிருந்தேன். அப்பா குனிந்து பார்த்தார். அவருக்குப் பொறுக்கவில்லை.

"என்னம்மா இவ்ளோ தொங்குது? கொஞ்சம் இழுத்துக் கட்டு. சாத்தினா ரப்பர் புடைச்சிக்கிட்டுத் தெரியும். அன்னிக்கு அந்தக் கடைக்காரனும் இப்படித்தான் விட்டு வெச்சான். நான்தான் பக்கத்துலயே நின்னு..."

நிறுத்திவிட்டார்.

"பக்கத்துலயே நின்னு?" என்றாள் அம்மா, நாற்காலியிலிருந்து.

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"புது காரு. பாக்க அசிங்கமா இருக்கேன்னு... கொஞ்சம் இழுக்கச் சொன்னேன்."

"இழுத்தா மிச்ச ஒயர் இருக்குமே?"

"வெட்டச் சொன்னேன்."

எதிர்வீட்டு அண்ணன் வேனைத் துடைக்கிற துணியை மெதுவாகப் பிழிந்தார். அவருக்கு அங்கே வேலை எதுவும் மிச்சமில்லை. போகவும் மனமில்லை.

"அப்போ என் கால் இல்ல" என்றாள் அம்மா.

"உன் கால்னு நான் எப்ப டீச்சர் சொன்னேன்?"

"நீங்க சொல்லல. கயிறு சொல்லுச்சு."

நான் ஒயரை இழுத்துக் கட்டவில்லை. விட்டபடியே விட்டு, குழாயை அதன் ஓட்டையில் பொருத்தினேன். பேட்டரியை இணைத்து, கதவை அகலத் திறந்துவைத்து, ஸ்விட்சை அழுத்தினேன். கண்ணாடி ஒரு முனகலோடு உச்சிக்குப் போனது. இறக்கினேன், ஏற்றினேன். கதவைத் திறந்து, சாத்தி, மறுபடி திறந்து, அம்மாவை அழுத்தச் சொன்னேன். அவள் எழுந்து வந்து, டியூஷன் பிள்ளையின் விடையைச் சரிபார்ப்பதுபோல் வேறு வேறு கோணத்தில் கதவை நிறுத்தி நிறுத்தி அழுத்தினாள். ஒவ்வொரு கோணத்திலும் ஏறியது.

உள்பலகையை மாட்டும்போது இரண்டு பிளாஸ்டிக் கிளிப் உடைந்தன. அண்ணன் தன் வேனிலிருந்த டப்பாவைக் கிளறி இரண்டு கொடுத்தார். கைப்பிடியையும் பழையபடி ஸ்க்ரூ போட்டு இறுக்கினேன்.

"இன்னா மிச்சம்?" என்றார்.

"ஒண்ணும் மிஞ்சலண்ணா."

"த்சு. என் லக்கு அவ்ளோதான்."

கைப்பிடியோடு கயிறும் தன் இடத்துக்கு வந்திருந்தது. கதவைத் திறந்தால் பழையபடி பாதியில் விறைத்து நின்றது. அப்பா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நல்லா பண்ணிட்டம்மா. உண்மையாவே. கயிறு மட்டும் ஒரு பாதுகாப்புக்கு இருக்கட்டும். கொஞ்சம் லூசா கட்டிக்கலாம்."

"எத பாதுகாக்க?" என்றேன்.

"கதவத்தான்."

"அப்போ நான் வேலையே செய்யலன்னு அர்த்தம். கயிறு இருக்கறதுன்னா சொல்லுங்க, இப்பவே ஒயர வெட்டிட்டுப் பழையபடி ஆக்கிடறேன்."

சத்தம் போடவில்லை. கையில் ஒயர் வெட்டுகிற கட்டர் இருந்தது. உண்மையாகவே வெட்டியிருப்பேன்.

அதற்குள் அம்மா என்னிடம், "கத்தரிக்கோல் எடுத்துட்டு வா" என்றாள். மீன் கழுவும்போது துடுப்பு வெட்டுகிற பெரிய கத்தரிக்கோலைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் கயிற்றின் நடுவில் அதை வைத்தாள்.

"ஐயோ, வெட்டாத! நல்ல நைலான் கயிறு!" என்று அப்பா குறுக்கே வந்தார்.

"அப்போ அவுருங்க."

அவர் தெருவில் மண்டி போட்டார். அவர் போட்ட முடிச்சு அவருக்கே பிடிகொடுக்கவில்லை. நகத்தால் நெம்பினார். பல்லால் கடித்தார். அம்மா ஒரு கையில் கத்தரிக்கோலோடு, மறுகையால் கதவைப் பிடித்தபடி காத்திருந்தாள். அண்ணன் யோசனை சொல்ல வாயெடுத்தார். அம்மா திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டார். கடைசியில் முடிச்சு இளகியது. அப்பா கயிற்றை முழங்கையில் சுற்றிச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய், சட்டை மாற்றி, கார் சாவியோடு வந்தார்.

பயிற்சிக்கு நேரமாகியிருந்தது. அம்மா பாட்டுப் புத்தகத்தை எடுத்துவந்து, கதவை முழுதாகத் திறந்தாள். உட்கார்ந்தாள். வலது கால். பிறகு இடது காலைத் தூக்கி, சுற்றி, உள்ளே கொண்டுவந்தாள். பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, கதவை இழுத்துச் சாத்தினாள். அவ்வளவு மெதுவாகச் சாத்தவில்லை. அப்பா "மெது..." என்று ஆரம்பித்துவிட்டு, வண்டியைக் கிளப்பினார்.

இப்போதைய நிலை இது. இடதுபக்கக் கதவு முழுதாகத் திறக்கிறது. கண்ணாடி ஏறுகிறது, இறங்குகிறது. கதவைச் சாத்தும்போது ரப்பர்க் குழாய் கொஞ்சம் புடைத்துத் தெரிகிறது. கயிற்றில் மொட்டைமாடியில் துணி காய்கிறது. அம்மா சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் போகிறாள், அந்தக் கிறிஸ்துமஸுக்கும் பாடினாள். பாலிதீன் உறை இன்னும் சீட்டின் மேலேயே இருக்கிறது. வலதுபக்கக் கதவின் ஒயரையும் அதே நாளில், அதே கடையில் இழுத்து வெட்டியிருக்கிறார்கள். அது இன்னும் அறுந்துபோகவில்லை. அந்தக் கதவை அப்பா எப்போதும் பாதிதான் திறக்கிறார்.